சிநேகபூர்வத் தமிழ்

‘சிநேகபூர்வ’ என்றொரு சொல் நம் பத்திரிகைத் தமிழில் நெடுங்காலமாகக் குடியிருந்து வருகிறது. அதை வாயால் உச்சரித்த மனிதரை நான் இதுவரை கண்டதில்லை. தேநீர்க்கடையில் இல்லை, கோயில் வீதியில் இல்லை, மீன் கூறுமிடத்தில் இல்லை. ஆனால் செய்தியில் அது இல்லாத நாள் அரிது. “கடற்படையினருக்கும் கிராம இளைஞர்களுக்கும் இடையில் சிநேகபூர்வக் கிரிக்கெட் போட்டி.” “தூதுவர் ஆயரைச் சிநேகபூர்வமாகச் சந்தித்தார்.” செய்தி மேசையில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இந்தச் சொல் வந்து விழும் இடங்களில் பெரும்பாலும் சிநேகம் இருந்ததில்லை. இருந்திருந்தால் சொல் தேவைப்பட்டிராது. ஒரே ஊர்ப் பிள்ளைகள் தம்முள் பந்தடித்தால் அதை எவரும் சிநேகபூர்வம் என்று அறிவிப்பதில்லை.

இது தனிச்சொல்லும் அன்று, ஒரு குடும்பம். ‘பிரெண்ட்லி’ என்பதன் பிள்ளை சிநேகபூர்வம். ‘கோர்டியல்’ பெற்றது சுமுகம். ‘குட்வில்’ நல்லெண்ணமாயிற்று. ‘கோ-எக்சிஸ்டன்ஸ்’ சகவாழ்வாயிற்று. ‘ரிக்கன்சிலியேஷன்’ நல்லிணக்கமாயிற்று. ‘சோஷல் கொஹீஷன்’ என்ற கடைக்குட்டிக்கு இன்னும் பெயர் நிலைக்கவில்லை. சமூக ஒருமைப்பாடு, சமூக இணைவு, சமூக ஒத்திசைவு என்று பட்டறைக்குப் பட்டறை வேறுபெயர் இட்டு அழைக்கிறார்கள். மனிதருக்கிடையிலான அணுக்கத்தைக் குறிக்க வந்த ஆங்கிலச் சொற்கள் இவை. நாம் அவற்றைத் தமிழாக்கவில்லை. தமிழ் உடுப்பு அணிவித்து மேடையில் ஏற்றியிருக்கிறோம், அவ்வளவே.

ஆங்கிலத்தின்மீது எனக்குப் பகை கிடையாது. அதன் சொந்த வீட்டில் அந்தச் சொற்கள் உயிருள்ளவை. ‘பிரெண்ட்’ என்ற சொல்லின் வேர் பழைய ஆங்கிலத்தில் நேசித்தல் என்ற வினையிலிருந்து வருகிறது. நேசிப்பவன் எவனோ அவனே நண்பன். ‘நெய்பர்’ என்பது அருகில் குடியிருப்பவன். நம் அயலவன்தான். ‘கோர்டியல்’ என்பதற்கு வேர் இலத்தீனில் இதயம். இலங்கையில் அந்த இதயம் போத்தலில் அடைக்கப்பட்டு நெல்லிக் கோடியலாக விற்கிறது. ஒரு பங்குக்குப் பல பங்கு தண்ணீர் கலந்து பருக வேண்டும். இராசதந்திர அறிக்கைகளில் வரும் ‘கோர்டிய’லுக்கும் கலப்பு விகிதம் அதுவே. ‘சிநேகம்’ கூடத் தமிழ்ச் சொல்லன்று. வடமொழியில் அதற்கு அன்பு என்றும் பொருள், எண்ணெய்ப் பசை என்றும் பொருள். நம் செய்தியறிக்கைகளில் வருவது இரண்டாவது பொருள் என்று கொண்டால் குழப்பமில்லை.

என் வழக்கு வேறு. மன்னார்த் தீவிலும் அதன் பெருநிலக் கரையிலும் மனிதர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு நெருக்கம், எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லத் துல்லியமான சொற்களை வைத்திருக்கிறார்கள். அவை இருக்கும்போது இந்தப் பசைச் சொற்கள் எதற்காக இறக்குமதியாகின்றன, யாருக்கு அவை வசதி என்பதுதான் கேள்வி.

இலங்கைத் தமிழில் நண்பனுக்குக் கூட்டாளி என்று பெயர். தமிழகத்து வாசகர் திடுக்கிடக் கூடும். அங்கே அது களவில் பங்குகொண்டவனைக் குறிக்கப் பொலிஸ் செய்தியில் வருகிற சொல். இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் “என்ர கூட்டாளி” என்றுதான் சொல்லும். அடுத்து, பழக்கம். “அவர் எங்களுக்குப் பழக்கம்” என்றால் முகமறிந்தவர், நம்பலாம், உறவு கொண்டாட முடியாது. அதற்கு ஒரு படி மேல் புழக்கம்: வீட்டின் உள்ளே வந்து போகிறவர். கைநனைத்தல் என்பது அதற்கும் மேல். “அந்த வீட்டில் நாங்கள் கைநனைப்பதில்லை” என்றால் பகை என்று பொருளில்லை. ஆனால் ஒரு கோடு இருக்கிறது, இருவருக்கும் அது தெரியும். வாரப்பாடு என்பது மனத்தின் சாய்வு; தாய்க்கு ஒரு பிள்ளைமேல் வாரப்பாடு, மற்றவற்றின்மேல் கடமை. ஒட்டு என்பது சொந்தத்தால் வருவது. முறிந்தால் “பேச்சுப்பறைச்சல் இல்லை” என்பார்கள். இதைவிட நேர்மையான அரசியல் அறிக்கையை நான் படித்ததில்லை.

வள்ளுவரும் நட்பை ஒரே சொல்லில் முடித்துவிடவில்லை. 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள். அவற்றுள் நடுவில் இருப்பது பழைமை. நீண்டநாள் பழகியவன் கேளாமலே ஒன்றைச் செய்துவிட்டால், அந்த உரிமையைக் கோபியாமல் ஏற்பது பற்றியது. நட்பு என்பது ஓர் உரிமை, உரிமை என்பதால் அது இருபக்கமும் செலவு வைக்கும் என்ற தெளிவு அங்கே இருக்கிறது. தீநட்புக்கும் கூடாநட்புக்கும் தனித்தனி அதிகாரம் வைத்திருக்கிறார் என்பதையும் அறிக்கை எழுதுவோர் கவனிக்கலாம்.

போர்நிறுத்தக் காலத்தில், 2003 ஆம் ஆண்டு என்று நினைவு, புத்தளத்து அகதிக் குடியிருப்பொன்றில் எருக்கலம்பிட்டி முதியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவு மக்கள் பெரும்பாலும் கடல்வழியே கற்பிட்டிக்குக் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். அவரும் அப்படி வந்தவர். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோர் எழுபதாயிரத்துக்கும் மேல். வீடு, தோணி, வலை, கடை, ஆடுமாடு எல்லாம் அங்கேயே. அவர் என்னிடம் பேசாலைப் பக்கத்துத் தமிழர் ஒருவரைப் பற்றி விசாரித்தார். தன் வலைகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். “அவர் உங்களுக்குச் சிநேகிதமா?” என்று கேட்டேன். “சிநேகிதமில்லத் தம்பி, அவர் பங்காளி” என்றார்.

ஒரே வலையில் முதலும் உழைப்பும் போட்டுப் பாட்டில் பங்கு பிரித்தவர்கள். ஒருவர் அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவர், மற்றவர் ஐந்து வேளை தொழுகிறவர். இருவருக்கும் இடையில் இருந்தது கணக்கு. கணக்கு இருந்ததால் வந்த நம்பிக்கை. அந்தத் தமிழர் 1990 இலேயே படகேறித் தமிழகம் போய் மண்டபம் முகாமில் பதிந்துவிட்டார் என்பது எனக்குப் பின்னால் தெரியவந்தது. ஒரே ஆண்டில் ஒருவர் தெற்கே கற்பிட்டிக்கு, மற்றவர் மேற்கே இராமேசுவரத்துக்கு. வலைகள் யாருக்கு மிஞ்சின என்று எவரும் சொல்லக்கூடவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்தும் அந்த முதியவர் வலைக்கணக்கை மறக்கவில்லை, பங்காளியையும் மறக்கவில்லை. இரண்டும் அவருக்கு ஒன்றே.

இந்த உறவுக்குச் ‘சகவாழ்வு’ என்று பெயரிட்டால் என்ன மிஞ்சுகிறது? கூடவே உயிரோடிருத்தல். ஒரு கூரையின் கீழ் பல்லியும் நானும் சகவாழ்வு வாழ்கிறோம். 2015 இற்குப் பின் சகவாழ்வுக்கு ஓர் அமைச்சே இருந்தது. பங்காளித்தனத்துக்கு அமைச்சு வைக்க முடியாது. வைத்தால் யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கைத் திறக்க வேண்டிவரும்.

இனி நல்லிணக்கத்துக்கு வருகிறேன். 2010 மே மாதம் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ அமைத்த ஆணைக்குழுவுக்குத் தமிழில் ‘கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு’ என்று பெயர். ஆங்கில ‘ரிக்கன்சிலியேஷ’னுக்கு நேராக அந்தச் சொல் அரச முத்திரையோடு நம் வீடுகளுக்குள் வந்தது அப்போதுதான். 2015 இல் தேசிய ஒற்றுமைக்கும் நல்லிணக்கத்துக்குமான அலுவலகம் வந்தது. 2024 இல் அதற்குத் தனிச் சட்டமும் வந்தது.

மன்னாரில் ‘ரிக்கன்சிலியேஷ’னுக்குச் சொல் தேடி எவரும் அகராதி புரட்டத் தேவையில்லை. மறைமாவட்டத்துச் சின்னப்பிள்ளையும் அறிந்த சொல் ஒன்று உண்டு: ஒப்புரவு. கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தனம் என்று பழையவர்கள் சொன்ன அருட்சாதனத்துக்கு இன்று அதுவே பெயர். ஆங்கிலத்தில் அதே சடங்கின் பெயர் அதே ‘ரிக்கன்சிலியேஷன்’. அந்தச் சடங்கில் என்ன நடக்கிறது? முதலில் ஆன்ம சோதனை: நான் செய்தது என்ன என்று தனக்குள் கேட்பது. பிறகு மனத்துயர். பிறகு வாய்திறந்து சொல்லுதல்: இன்னதைச் செய்தேன் என்று, பெயர் சொல்லி, எண்ணிக்கையோடு. பிறகு பரிகாரம். களவெடுத்தவன் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் மன்னிப்பு நிறைவடைவதில்லை. பள்ளிமுனைக் கிழவிக்கும் தெரிந்த இந்த ஒழுங்கு, ஆணைக்குழுவின் தமிழ்ப் பெயரில் ஏன் இடம்பெறவில்லை? வள்ளுவரிடத்திலும் ஒப்புரவு உண்டு, 22 ஆம் அதிகாரம். அங்கே அது ஊரார்க்குச் செய்யவேண்டிய கடனை அறிந்து செய்தல். சைவரும் முஸ்லிமும் கத்தோலிக்கரும் எடுத்தாளக்கூடிய, கடனும் அறிக்கையும் உள்ளே பொதிந்த ஒரு சொல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அதை விட்டு ‘நல்ல இணக்கம்’ என்ற, எவரும் எதையும் சொல்லத் தேவையில்லாத சொல்லை எடுத்தார்கள்.

எடுத்ததன் பலனை மன்னாரிலேயே கண்டோம். 2011 ஜனவரியில் அந்த ஆணைக்குழு இங்கே அமர்வு நடத்தியது. அப்போதைய ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை அதன்முன் ஓர் எண்ணை வைத்தார்: 146,679. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாக அரச செயலகக் கணக்கு காட்டிய மக்கள் தொகைக்கும், 2009 மே முடிவுவரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்து சேர்ந்தவர்களாகக் காட்டப்பட்ட தொகைக்கும் இடையிலான வேறுபாடு. இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று தெளிவுபடுத்துங்கள் என்றார். ஒப்புரவு என்றால் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியிருக்கும். ஆண்டகை 2021 ஏப்ரல் முதலாம் நாள் காலமானார். கேள்வி அப்படியே இருக்கிறது. நல்லிணக்கக் கருத்தரங்குகள் மட்டும் தடையின்றி நடந்தன. மதிய உணவு, ஒரு கோப்பு, ஒரு பேனா, ஒரு குழுப்படம்.

இரு சமூகங்களும் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நானும் பசை தடவுகிறவன் ஆவேன். 2012 யூலையில், திரும்பிவந்த உப்புக்குளம் முஸ்லிம் மீனவர்களுக்கும் இடம்பெயர்ந்து வந்து அங்கே தொழில் செய்த விடத்தல்தீவுத் தமிழ் மீனவர்களுக்கும் இடையில் ஓர் இறங்குதுறை பற்றி வழக்கு. அது மன்னார் நீதிமன்றத்தின் மீது கல்வீச்சில் போய் முடிந்தது. 2019 மார்ச் 3 ஆம் நாள், சிவராத்திரிக்கு முதல்நாள், மாந்தைச் சந்தியில் திருக்கேதீச்சரத்துக்காக நாட்டப்பட்ட வளைவைக் கத்தோலிக்கக் கும்பல் ஒன்று பிடுங்கி எறிந்தது, நந்திக்கொடியும் மிதிபட்டது. அந்த மாதம் முழுவதும் ‘மத நல்லிணக்கம்’ என்ற சொல் நம் தாள்களில் மழையாகப் பொழிந்தது. வளைவு நின்ற நிலம் யாருடையது, வீதி அபிவிருத்திக்கு யார் பொறுப்பு, அனுமதி கொடுத்தது யார் என்ற மூன்று கேள்விகளை நேராகக் கேட்ட செய்திகள் எத்தனை? ‘இரு தரப்பினரிடையே முறுகல்’ என்று எழுதிவிட்டுப் பக்கத்தை மூடினோம். முறுகலும் ஓர் ஆளில்லாச் சொல். முறுக்கியவன் அதற்குள் அகப்படுவதில்லை.

இதுதான் இந்தச் சொற்களின் பொதுக்குணம். கூட்டாளி என்றால் ‘யாருக்கு?’ என்று கேட்கலாம். பங்காளி என்றால் ‘எதில்?’ என்று கேட்கலாம். பேச்சுப்பறைச்சல் இல்லை என்றால் ‘ஏன்?’ என்று கேட்காமல் இருக்க முடியாது. நல்லிணக்கம் நிலவுகிறது என்றால் ஒன்றையும் கேட்க முடியாது. மழை பெய்கிறது என்பது போல அது தானாக நிலவுகிறது.

இந்த இடத்தில் ஒரு வாசகர் குறுக்கிடுவார் என்று தெரியும். “புழக்கம், கைநனைத்தல் என்று பெருமைப்படுகிறீரே, அவை சாதிச் சொற்கள் அல்லவா?” ஆம். யார் வீட்டுக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் திண்ணையோடு நிற்கவேண்டும் என்பதை அளந்த சொற்கள் அவை. அவற்றை அப்படியே கொண்டாடும்படி நான் கேட்கவில்லை. ஆனால் அவை கோட்டை மறைக்கவில்லை. கோடு எங்கே என்று தெரிந்ததனால்தான் அதை அழிக்க ஆட்கள் கிளம்பினார்கள். தேநீர்க்கடைப் பிரவேசமும் ஆலயப் பிரவேசமும் அந்தக் கோட்டைக் குறிவைத்து நடந்தவை. ‘சமூக ஒத்திசைவு குறைவாக உள்ளது’ என்று அறிக்கை எழுதியிருந்தால் இன்றும் சிரட்டையில்தான் தேநீர்.

கடலுக்கு அப்பாலும் இதே கதை வேறு உடையில் நடக்கிறது. இராமேசுவரத்திலிருந்து வரும் இழுவைமடிப் படகுகள் மன்னார்க் கடலில் நம் சிறு மீனவரின் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன. அடிமட்ட இழுவைமடியை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது. 2014 இல் சென்னையிலும் கொழும்பிலும் இருநாட்டு மீனவர் பிரதிநிதிகளைக் கூட்டிவைத்துப் பேசினார்கள். புதுடில்லி ‘நட்பு நாடு’ என்கிறது. சென்னை ‘தொப்புள்கொடி உறவு’ என்கிறது. தொப்புள்கொடியாவது நம் மொழியில் பிறந்த சொல் என்று முதலில் மகிழ்ந்தேன். பிறகு யோசித்தால், தொப்புள்கொடி வழியே யாரோ ஒருவர் உண்கிறார், மற்றவர் ஊட்டுகிறார். இங்கே உண்பது யார் என்பதை அறுந்த வலைக்காரரிடம் கேட்க வேண்டும். ‘சம்மாட்டியும் சம்மாட்டியும் அமர்ந்து வலைக்கு விலை பேசட்டும்’ என்று பேசாலையில் ஒருவர் சொன்னார். இத்தனை ஆண்டு இராசதந்திரத்தில் நான் கேட்ட நடைமுறைக்குகந்த யோசனை அது.

அண்மைக் காலத்தில் ‘பிரெண்ட்லி’ இன்னொரு வாகனத்தில் ஏறி வந்திருக்கிறது: சூழல்நேயம். பிள்ளைநேயப் பாடசாலை என்று யுனிசெப் காலத்தில் தொடங்கியது; இப்போது மின்சாரமும் நேயம் காட்டுகிறது. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’யில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். நேயம் என்றால் ஈரம், அன்பு. யார்மேல் என்று கேட்டால் ‘சூழல்மேல்’ என்கிறார்கள். வெள்ளம் வடியாமல் நிற்கிறது, கரையில் மீன்பாடு குறைந்தது என்று முறையிடும் மக்கள் அந்தச் சூழலில் சேர்த்தியா இல்லையா என்பதை எந்தப் பிரசுரமும் தெளிவாக்கவில்லை. காற்றாலையே கூடாது என்பதல்ல என் கட்சி. நிலக்கரியைவிடக் காற்று நல்லது. ஆனால் ஒரு யந்திரத்தை நண்பன் என்று அறிமுகம் செய்துவிட்டால், அதை மறுப்பவன் நட்பை மறுப்பவன் ஆகிவிடுகிறான். சொல்லின் தந்திரம் அங்கே இருக்கிறது.

2025 ஓகஸ்டில் புதிய கோபுரங்களின் பாகங்களை ஏற்றிய வாகனங்கள் வந்தபோது மன்னார் நகரில் மக்கள் இரவிலும் வீதியில் இருந்தார்கள். கனிய மணல் அகழ்வுக்கும் எதிரான போராட்டம் அது. குருக்களும் மௌலவியும் பாதிரியாரும் ஒரே பந்தலில். ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைக்கச் சொன்னார். பிறகு செப்டெம்பர் பிற்பகுதியில் பொலிஸார் பலத்தைப் பயன்படுத்திப் பாகங்களைத் தீவுக்குள் கொண்டு சென்றார்கள். 2012 இல் துறைக்கும் 2019 இல் வளைவுக்கும் பிளந்து நின்ற அதே ஊர்கள் இவை. அவர்களை அந்தப் பந்தலில் இருத்தியது எந்தத் திட்டமுமல்ல. ஒரே நிலத்தடி நீர், ஒரே கரை, ஒரே பயம். ‘சோஷல் கொஹீஷன்’ திட்ட அறிக்கைகளில் அந்தப் பந்தல் ஒரு வெற்றியாகப் பதிவாகுமா என்று ஆவலோடு காத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை பொலிஸ் குறிப்பில் அது ‘சட்டவிரோதக் கூட்டம்’.

ஆகவே இளைய செய்தியாளருக்கு என் வேண்டுகோள் மிகச் சிறியது. ‘சிநேகபூர்வ’ என்று ஓர் அறிக்கை மின்னஞ்சலில் வந்தால் அதை நீக்கிவிட்டு, எஞ்சுவது செய்தியா என்று பாருங்கள். முசலியில் முள்ளிக்குளம் என்றொரு கத்தோலிக்கத் தமிழ்க் கிராமம். 2007 செப்டெம்பரில் மக்களை வெளியேற்றினார்கள். அங்கே கடற்படைத் தளம் வந்தது. 2017 மார்ச்சில் மக்கள் தளத்தின் வாயிலில் குந்தியிருந்து போராடிய பின், ஏப்ரல் முடிவில் 100 ஏக்கரை விடுவிப்பதாக அறிவித்தார்கள். அதே மார்ச்சில் அதே முசலியில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி முஸ்லிம்களின் காணிகளையும் உள்ளடக்கி மாவில்லுப் பேணற்காடு என்று வர்த்தமானி வெளியாயிற்று. ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதில் கையொப்பமிட்டது மொஸ்கோவில். அது ‘நல்லிணக்க’த்துக்கென்று அலுவலகம் வைத்திருந்த ஆட்சி. அடுத்த முறை முசலியில் சிநேகபூர்வக் கிரிக்கெட் என்று அறிக்கை வந்தால், யார் வென்றார்கள் என்று கேட்க வேண்டாம். மைதானம் யாருடைய காணி, உறுதி யார் பெயரில் இருக்கிறது, அவர் இப்போது எங்கே குடியிருக்கிறார் என்று விசாரித்து, முதற்பந்தியில் எழுதுங்கள்.